மாளிகையிலா, லாயத்திலா? பிரெஞ்சு ஷாத்தோ வளாகத்தில் ஒரு வாரம் தங்க எதை எடுப்பது

ஊரிலிருந்து பாரிஸுக்குக் கிளம்பும் சொந்தக்காரர்கள் முன்பெல்லாம் ஈஃபிள் கோபுரத்தைப் பற்றித்தான் எங்களிடம் கேட்பார்கள். இரண்டு மூன்று வருடமாகக் கேள்வி மாறிவிட்டது. "கிராமத்துப் பக்கம் பழைய ஷாத்தோவில் ஒரு வாரம் தங்க முடியுமாமே, வாடகைக்கு விடுகிறார்களாமே?" முடியும். ஷாத்தோ என்றால் பிரபுக்களும் மன்னர்களும் கட்டிய மாளிகை. ஆனால் "ஷாத்தோவில் தங்குவது" என்ற பேச்சுக்குள் மூன்று வேறு வேறு ஏற்பாடுகள் கலந்து கிடக்கின்றன. வளாகத்துக்குள் தனியாக நிற்கும் ஒரு வீட்டைச் சமையலறையோடு வாடகைக்கு எடுப்பது ஒன்று. அதை ஜீத் என்கிறார்கள். உரிமையாளர் குடும்பம் வாழும் மாளிகைக்குள்ளேயே ஓர் அறை எடுத்துத் தங்குவது இன்னொன்று. அது ஷாம்ப்ர் தோத். மூன்றாவது, முழுக்க ஓட்டலாக மாறிவிட்ட மாளிகை.

இந்த வருடம் காலாண்டு விடுமுறைக்குச் சென்னையிலிருந்து அக்கா குடும்பம் நான்கு பேர், கூடவே அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். எங்கள் இருவரையும் சேர்த்தால் எட்டுப் பேர். சின்னவளுக்கு ஏழு வயது, அப்பாவுக்கு எழுபத்தாறு, அம்மாவுக்கு மூட்டு வலி. இந்த எட்டுப் பேருக்காகத்தான் மூன்றையும் உட்கார்ந்து ஒப்பிட்டேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பமாகப் போகிறவர்கள் மாளிகையை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு, அந்த மாளிகைக்கு உழைத்தவர்கள் புழங்கிய வீட்டில் தங்க வேண்டும். பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

லுவார் ஆற்றுப் பக்கம் இருக்கும் ஷாம்போரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் ஃபிரான்சுவா மன்னர் 1519-ல் கட்டத் தொடங்கியது. 426 அறைகள், 282 கணப்படுப்புகள். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே, ஆனால் சந்திக்காமல் போகும் இரட்டைச் சுருள் படிக்கட்டு. இத்தனையும் கட்டிய மன்னர் 32 ஆண்டு ஆட்சியில் அங்கே தங்கியது ஏறத்தாழ 72 நாள்தான். அந்தக் காலத்தில் அரசவை ஊர் ஊராகப் போகும். கட்டில், திரைச்சீலை, பாத்திரம் எல்லாம் வண்டியில் கூடவே வரும், மன்னர் கிளம்பியதும் கூடவே போய்விடும். மிச்ச நாளெல்லாம் மாளிகை வெறும் கல்லாக நிற்கும். ஆனால் அதைச் சுற்றி 32 கிலோமீட்டர் மதில்; மதிலுக்குள் 5440 ஹெக்டேர் காடும் குளமும் வயலும். அங்கே வருடம் முழுவதும் ஆட்கள் இருந்தார்கள். வனக்காவலர்கள், குதிரைக்காரர்கள், குத்தகைக்கு உழுதவர்கள். அடுப்பு எரிந்ததும் பிள்ளைகள் பிறந்ததும் அவர்கள் வீடுகளில்தான்.

அரசுக்குச் சொந்தமான ஷாம்போர் வளாகத்திலேயே இன்று சில வீடுகளை ஜீத்தாக வாடகைக்கு விடுகிறார்கள். மாலையில் பேருந்துகள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு அந்த மதிலுக்குள் இருப்பவர்கள் கிராமத்தாரும் அங்கே தங்கியிருப்பவர்களும்தான். எந்த நுழைவுச் சீட்டாலும் வாங்க முடியாத நேரம் அது.

ஜீத்: எந்தக் கட்டடம் என்று கேளுங்கள்

பிரெஞ்சு ஷாத்தோ வளாகங்களில் மாளிகையைத் தவிர்த்த வேலைக் கட்டடங்கள் எல்லாவற்றையும் சேர்த்து "கொம்மன்" என்பார்கள். நம் ஊர் ஜமீன் அரண்மனைகளில் களஞ்சியம், மாட்டுத்தொழுவம், லாயம், மடப்பள்ளி என்று பின்கட்டில் இருக்குமே, அந்த மாதிரி. ஜீத்தாக மாறுவது பெரும்பாலும் இவைதான். "ஷாத்தோ வளாகத்தில் அழகான ஜீத்" என்று விளம்பரம் சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: முன்பு அது என்னவாக இருந்தது?

லாயமாக இருந்தால் நல்லது. குதிரை போய்வர அகலமான வாசல், தரைமட்டம், நீளமான கூடம். வயதானவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. வாயிற்காவலர் வீடு பார்க்க ஓவியம் மாதிரி இருக்கும், ஆனால் சாலையோரத்தில் இருக்கும், அறைகள் சிறியவை. ஓரான்ஜெரி என்பது ஆரஞ்சு மரத் தொட்டிகளைக் குளிர்காலத்தில் வைத்துக் காப்பாற்றிய கூடம். தெற்குப் பார்த்த பெரிய பெரிய ஜன்னல்கள் உள்ளது. செப்டம்பரில் இதமாக இருக்கும், ஜூலை வெயிலில் வெந்துபோவீர்கள். ஓடும் நீரின் விசையில் மாவரைத்த நீராலை என்றால் வாசலிலேயே ஓடும் தண்ணீர் இருக்கும். நீச்சல் தெரியாத குழந்தையோடு நான் போகமாட்டேன்.

புறாக் கோபுரத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். வட்டமாக, கூம்புக் கூரையோடு பல வளாகங்களில் நிற்கும். உள்சுவர் முழுக்க ஒரு கை நுழையும் அளவுக்கு நூற்றுக்கணக்கான மாடக்குழிகள். பிரான்சின் பல பகுதிகளில் இப்படித் தனிக் கோபுரம் கட்டிப் புறா வளர்ப்பது நிலப்பிரபுவுக்கு மட்டுமே இருந்த உரிமை. எத்தனை குழி என்பதும் எவ்வளவு நிலம் என்பதைப் பொறுத்தது. ஆகவே கோபுரத்தைப் பார்த்தாலே பிரபுவின் நில அளவு தெரிந்துவிடும். அந்தப் புறாக்கள் ஏழை உழவர் விதைத்த விதையைப் பொறுக்கித் தின்னும்; உழவர் அவற்றைக் கொல்லக் கூடாது. பிரெஞ்சுப் புரட்சியில் 1789 ஆகஸ்ட் 4 இரவு பிரபுக்களின் தனியுரிமைகளை ஒழித்தபோது, வேட்டை உரிமையோடு இந்தப் புறா உரிமையும் போனது. ஒரு நாட்டின் புரட்சி நாளில் புறாக்கூட்டைப் பற்றியும் முடிவெடுத்தார்கள் என்றால், அந்தக் குழிகள் உழவர் வயிற்றில் எவ்வளவு அடித்திருக்க வேண்டும்! இப்போது அவற்றில் சிலவற்றை இரண்டு பேர் தங்கும் ஜீத்தாக மாற்றியிருக்கிறார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் தாராளமாக எடுக்கலாம். வட்ட அறை, செங்குத்தான குறுகிய படி, மாடியில் படுக்கை என்பதால் எங்கள் அம்மாவுக்கு ஆகாது.

படியைப் பற்றி இவ்வளவு கவலைப்படக் காரணம் உண்டு. பிரான்சில் 1913 டிசம்பர் 31-ன் சட்டம் பழைய கட்டடங்களைப் பட்டியலிட்டு இரண்டு நிலைகளில் காக்கிறது. அந்தப் பட்டியலில் இருக்கும் கட்டடத்தில் உரிமையாளர் ஜன்னல் மாற்ற நினைத்தாலும் அனுமதி வாங்க வேண்டும். அதனால்தான் பல மாளிகைகளில் லிப்ட் இல்லை, ஏசி இல்லை, ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி. அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள். தரைமட்டத்தில் அறை வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே தரைமட்டமாகக் கட்டப்பட்ட கட்டடத்தைத் தேடுவதுதான் வழி. நம் தேவைக்கு மாளிகையைவிட லாயம் மேல் என்று நான் சொல்வதில் பாதிக் காரணம் இது.

மீதிப் பாதி சமையலறை. பிரெஞ்சுக் கிராமத்தில் உணவகம் மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை, பிறகு இரவு ஏழரைக்கு மேல். இரண்டரைக்குப் போனால் அடுப்பு அணைந்திருக்கும். ஞாயிறு இரவும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு மளிகையும் கிடைப்பது கஷ்டம். அப்பாவுக்கு மாத்திரை நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும், அம்மா சைவம். சொந்த அடுப்பு இல்லாமல் ஏழு நாள் ஓட்ட முடியாது. பாரிஸில் ரயில் ஏறுவதற்கு முன் லா ஷாப்பெல் பக்கம் நம் தமிழ்க் கடைகளில் அரிசி, பருப்பு, கறிவேப்பிலை, புளி வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். காய்கறிக்கு அந்த ஊர் வாரச்சந்தையே போதும். சந்தை என்றைக்கு என்று வீட்டுக்காரரிடம் கேட்டு வையுங்கள். அடுப்பு இண்டக்‌ஷனா என்றும் கேளுங்கள். ஊரிலிருந்து கொண்டுவரும் அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது.

இனி ஒப்பந்தம். எங்கள் அனுபவத்தில் ஏமாற்றம் எல்லாம் இங்கேதான் நேர்ந்தது. சில வருடத்துக்கு முன் "எட்டுப் பேர் படுக்கலாம்" என்று போட்டிருந்த ஒரு வீட்டை எடுத்தோம். போய்ப் பார்த்தால் படுக்கையறை மூன்று. மிச்ச இரண்டு பேருக்குக் கூடத்தில் மடக்கு சோபா. வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை, படுக்குமிடத்தைத்தான் எண்ணியிருந்தார். அன்றிலிருந்து தலையை எண்ணுவதை விட்டுவிட்டு, கதவு போட்ட அறை எத்தனை, குளியலறை எத்தனை, கீழ்த்தளத்தில் எத்தனை என்றுதான் கேட்கிறேன்.

முன்பணத்துக்குப் பிரெஞ்சில் இரண்டு சொற்கள் உண்டு, இரண்டும் ஒன்றல்ல. "ஆர்" என்று எழுதியிருந்தால், நீங்கள் விலகினால் கட்டிய பணம் போகும், அவ்வளவுதான்; வீட்டுக்காரர் விலகினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். "அக்கோம்ப்த்" என்று எழுதியிருந்தால் அது முழுத் தொகைக்கும் கட்டுப்பட்ட ஒப்பந்தம். நீங்கள் விலகினாலும் மீதியைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. விசா கிடைக்குமா என்று தெரியாமல் பதிவு செய்கிறவர்கள் இந்த ஒரு சொல்லைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

மற்றபடி, ஜூலை ஆகஸ்டில் சனி முதல் சனி வரை என்றுதான் பெரும்பாலும் தருவார்கள். படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேராமல் இருக்கலாம். கடைசி நாள் வீட்டைத் துடைத்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்குத் தனிக் கட்டணம். உடைப்புக்கு ஈடாக ஒரு காப்புத் தொகை. தங்கல் வரி தலைக்கு, இரவுக்கு என்று சேரும். பதினெட்டு வயதுக்குக் கீழே அது கிடையாது. விளம்பரத்தில் வீட்டின் தரத்தைத் தானியக் கதிர்ச் சின்னங்களால் குறித்திருந்தால், அது 1955-லிருந்து இயங்கும் ஜீத் தெ ஃபிரான்ஸ் அமைப்பின் மதிப்பீடு. ஒன்று முதல் ஐந்து வரை. வசதிகளைப் பற்றித்தான் அது சொல்லும், பழமையைப் பற்றி அல்ல. மூன்று கதிர் வீடே நமக்குத் தாராளம்.

கிராமத்து வீடுகள் பலவற்றில் கழிவு செப்டிக் டேங்குக்குத்தான் போகும். எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், ஈரத் துடைப்பான்களைக் கழிப்பறையில் போடாதீர்கள். நீச்சல் குளம் இருந்தால், தரையில் பதித்த குளத்துக்கு வேலி, எச்சரிக்கை மணி, மூடி, கூடாரம் இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது 2003-ல் வந்த சட்டம். எது இருக்கிறது என்று படம் கேளுங்கள். குழந்தை இருந்தால் எனக்கு வேலிதான் வேண்டும். மூடியைத் திறந்து போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். விடியலில் சேவல் கூவும், மாதா கோயில் மணி அடிக்கும். அதற்காகப் புகார் செய்து பயனில்லை: கிராமத்து ஓசைகளையும் மணங்களையும் நாட்டின் பொதுச்சொத்தாக ஏற்கும் சட்டமே 2021 ஜனவரியில் வந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பிரெஞ்சுச் சட்டம் அது.

மாளிகைக்குள்ளேயே ஓர் அறை

ஷாம்ப்ர் தோத்துக்குச் சட்டம் தெளிவான எல்லை வைத்திருக்கிறது. அதிகபட்சம் ஐந்து அறை, பதினைந்து பேர். உரிமையாளர் அங்கேயே குடியிருக்க வேண்டும். காலை உணவு வாடகையில் அடக்கம். சில வீடுகளில் இரவுச் சாப்பாடும் உண்டு, தாப்ள் தோத் என்று பெயர். வீட்டாரோடு ஒரே மேசையில், அன்று சமைத்த ஒரே உணவு. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுத வேண்டும். மீனும் முட்டையும் சேர்க்கமாட்டோம் என்பதையும் விளக்கிச் சொல்ல வேண்டும். அங்கே சைவம் என்ற சொல்லுக்குள் அவை நுழைந்துவிடும்.

இதன் அருமை மனிதர்கள். மாளிகை வைத்திருப்பவர்களை நாம் பெரிய செல்வந்தர்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலானவர்கள் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளவே ஓடுகிறவர்கள். வில்லாந்த்ரி மாளிகையை 1906-ல் வாங்கிய ஸ்பெயின்காரர் ஹோவாகின் கார்வாலோ, ஆராய்ச்சி வேலையை விட்டுவிட்டு அதன் மறுமலர்ச்சிக் காலத் தோட்டத்தைத் திரும்ப எழுப்பினார். முட்டைக்கோசும் பூசணியும் கோலம் மாதிரி வரிசை கட்டிய ஒன்பது சதுரக் காய்கறிப் பாத்திகளை இன்றும் பார்க்கலாம். தனியார் மாளிகைகள் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்தால்தான் அவை பிழைக்கும் என்று உணர்ந்து, 1924-ல் உரிமையாளர்களுக்காக ஒரு சங்கத்தையும் தொடங்கினார். இன்று நமக்கு ஓர் அறை வாடகைக்குக் கிடைக்கிறது என்றால் அதற்குப் பின்னால் இந்த நூறு வருட யோசனை இருக்கிறது. காலை உணவு மேசையில் அந்த வீட்டம்மா "இந்த வருடம் மேற்குப் பகுதிக் கூரையின் ஓட்டையை அடைத்தோம்" என்று சொல்லிக் காப்பி ஊற்றும்போது, நம் வாடகை எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அந்தப் பேச்சு வேண்டுமென்றால் கொஞ்சமாவது பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும், அல்லது ஆங்கிலம் பேசுகிறவர்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எட்டுப் பேருக்கு இது ஒத்துவராது. அறைக்கு அறை வாடகை ஏறும், சமைக்க முடியாது, முந்நூறு வருட நாற்காலியில் ஏழு வயதுக் குழந்தையை உட்கார்த்திவைத்துக் காவல் காக்க வேண்டும். கணவன் மனைவியாக இருவர் மட்டும் போகிறீர்களா? அப்படியானால் என் பதில் தலைகீழ். ஜீத்தே வேண்டாம், இரண்டு மூன்று இரவு இங்கே தங்குங்கள்.

ஓட்டல்

லிப்ட் இல்லாமல் முடியவே முடியாதவர்கள், தினமும் யாராவது அறையைச் சுத்தம் செய்து தர வேண்டியவர்கள், ஒன்றிரண்டு இரவு மட்டும் தங்குகிறவர்கள் ஓட்டலுக்கே போகலாம். லிப்ட் இருக்கிறதா என்று அங்கேயும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒன்றை மட்டும் மனதாரப் பரிந்துரைப்பேன்: ஃபோந்தெவ்ரோ மடாலயம். 1101-ல் தொடங்கியது. இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் ஹென்றி, அவர் மனைவி எலியனோர், மகன் சிங்க நெஞ்சன் ரிச்சர்ட் மூவரின் கல்லறைச் சிற்பங்களும் அதன் கோயிலில் இருக்கின்றன. நெப்போலியன் காலத்தில் சிறையாக்கி, 1963 வரை சிறையாகவே வைத்திருந்தார்கள். அந்த வளாகத்தின் ஒரு பகுதி இப்போது ஓட்டல். கன்னியரும் கைதிகளும் நடந்த முற்றத்தில் ஓர் இரவு நடந்துவிட்டு வருவது வாழ்நாளுக்கும் நிற்கும். ஆனால் ஓர் இரவு போதும்.

விலையை ஒப்பிடும்போது இரவுக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் கணக்குத் தவறும். ஓட்டலில் எட்டுப் பேருக்கு நான்கு அறை, ஏழு இரவு, அதோடு தினமும் இரண்டு வேளை வெளிச்சாப்பாடு. ஜீத்தில் ஒரே வாடகை, அதோடு மளிகையும் சுத்தக் கட்டணமும் வரியும். இரண்டையும் மொத்தமாக எழுதி எட்டால் வகுத்துப் பாருங்கள்.

எந்தப் பக்கம்

நான் லுவாரையும் பெரிகோரையும்தான் எடைபோட்டேன். பெரிகோர் என்பது தென்மேற்கில், தோர்தோஞ் ஆற்றங்கரை. தேன் நிறக் கல் வீடுகள், பழைய புகையிலை உலர்த்தும் கொட்டில்கள், ஆற்றுக்கு இரு கரையிலும் முறைத்துக்கொண்டு நிற்கும் பெய்னாக், காஸ்தெல்னோ கோட்டைகள். 1940-ல் கண்டுபிடித்த லாஸ்கோ குகை ஓவியங்களின் முழு அளவுப் பிரதியும் அங்கே இருக்கிறது. மூலக்குகையை 1963-லேயே மூடிவிட்டார்கள். வெயிலும் அதிகம். பிள்ளைகள் பதின்ம வயதினர், படகு வலிப்பார்கள் என்றால் அங்கே போங்கள். ஆனால் பாரிஸிலிருந்து தூரம், கடைசிப் பகுதி மெதுவான சாலை. உணவக அட்டை முழுக்க வாத்து. அம்மாவுக்கு ரொட்டியும் அக்ரூட் பருப்பு போட்ட கீரையும்தான் மிஞ்சும்.

லுவார் பக்கம் பாரிஸின் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ஆற்றங்கரை ஊரான ப்ளுவாவுக்கு ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். மாளிகைகள் நெருக்கமாக இருப்பதால் காலையில் ஒன்றைப் பார்த்துவிட்டு மதியம் வீட்டுக்கு வந்து படுக்கலாம். வயதானவர்களோடு போகும்போது இதைவிடப் பெரிய வசதி இல்லை. ஒன்பது இருக்கை வண்டியை சாதாரண கார் உரிமத்திலேயே ஓட்டலாம் என்பதால் எட்டுப் பேரும் ஒரே வண்டியில் போகலாம். அந்த அளவில் கியர் இல்லாத வண்டி கிடைப்பது அரிது. முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஊரிலிருந்து வருகிறவர் ஓட்டுவதானால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கிளம்பும் முன் எடுத்துவர வேண்டும்.

கட்டடக் கல்லிலும் வித்தியாசம் உண்டு. லுவார்க் கரையில் துஃபோ என்ற வெள்ளைச் சுண்ணாம்புக்கல். மென்மையானது, கோடையில் வீடு குளிர்ந்திருக்கும், மழைநாளில் சுவர் ஈரம் குடிக்கும். அப்பாவுக்கு மூச்சிழுப்பு உண்டு என்பதால், ஆற்றைத் தாண்டித் தெற்கே சொலோஞ் காட்டுப் பகுதியில் செங்கல் வீடாகப் பார்த்தேன். குளமும் பைன் மரமும் நிறைந்த பகுதி. காட்டுக்குள் போய்வந்தால் உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று குழந்தைகளைத் தினமும் பார்க்க வேண்டும். வேட்டைக்காலம் தொடங்கியிருக்கும், ஆகவே அன்று எந்தப் பாதையில் போகலாம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டே நடக்க வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை எங்களுக்கு வாய்த்தது நல்ல வாய்ப்பு. ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், அது தனி அழகு. ஆனால் நம் ஊர்க் காலாண்டு விடுமுறை விழும் செப்டம்பர் கடைசி வாரம்தான் ஷாம்போர் காட்டில் கலைமான்கள் இணை தேடிக் குரல் எழுப்பும் பருவம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை, விடியலிலும் அந்தியிலும் அந்தக் கனத்த குரல் கேட்கும். பிரெஞ்சுப் பள்ளிகள் திறந்துவிட்டதால் வாடகையும் ஆகஸ்ட் அளவுக்கு இருக்காது.

கடைசியில் ப்ளுவாவிலிருந்து அரை மணி நேரத்தில் ஒரு பழைய வளாகத்தின் லாயத்தை எடுத்திருக்கிறோம். கதவு போட்ட நான்கு அறை, அதில் இரண்டு கீழ்த்தளத்தில். முன்பணம் "ஆர்" என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியாயிற்று. முற்றத்துக்கு இறங்கும் மூன்று படிக்குக் கைப்பிடி இருக்கிறதா என்று போன வாரம் வீட்டம்மாவுக்கு எழுதினேன். இடது பக்கம் மட்டும் இருக்கிறதாம். அம்மா வருவதற்குள் வலது பக்கமும் ஒன்று போட்டுவிடுகிறேன் என்று பதில் வந்தது.